பச்சை மூடி

இப்போதெல்லாம் யாரும் நோயாளியைப் பார்க்க வருவதில்லை, நோயைப் பார்க்க வருகிறார்கள். படுத்திருப்பவன் முகத்தை ஒழுங்காகப் பார்ப்பதுகூடக் கிடையாது. "என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் போனை எடுத்துத் தடவி ஒரு படத்தைக் காட்டி, "இதுதானே?" என்பார்கள். அவர்களுடைய ஒன்றுவிட்ட மச்சானுக்கும் இதே வந்ததாம். அவன் என்ன மாத்திரை போட்டான், எப்படித் தேறினான், பிறகு எப்படிச் செத்தான் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றைத் தாங்களே நறுக்கித் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். மாடி வீட்டுப் பெயிண்டரைப் பார்க்க வந்த கூட்டம் இப்படித்தான் இருந்தது. நான் படித்தவன் இல்லை, லாரி ஓட்டிப் பிழைத்தவன். வலியில் கிடப்பவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டுக்காரரைத் தெருவே எலிக்காரர் என்றுதான் சொல்லும். எலி பிடிக்கிறவர் என்று நினைத்து வீட்டுக்குக் கூப்பிட்டவர்களும் உண்டு. அவர் பிடிக்கிறவர் இல்லை, வளர்க்கிறவர். மருந்து ஆராய்ச்சி செய்கிற ஒரு இடத்தில் எலிக்கூடம் அவர் பொறுப்பு. காலையில் போனதும் குளித்து, அங்கே கொடுக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டு, கூண்டு கூண்டாக இழுத்து, நனைந்த மரத்தூளை வழித்துக் கொட்டிப் புதிதாகப் பரப்ப வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலின் மூக்கை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கூண்டின் மேல் கம்பியில் தீனி வில்லைகளை நிரப்ப வேண்டும். எலிகள் பின்னங்காலில் நின்று எட்டிக் கடித்துத் தின்னும். அதுகள் மிரளக் கூடாது என்று மெதுவாகப் பேசிப் பேசி, வீட்டிலும் அவர் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. பெண்டாட்டி கத்தினாலும் அவருடைய பதில் உதட்டோடு நின்றுவிடும்.

பெண்டாட்டி தையல்காரி. வீட்டிலேயே மெஷின் போட்டிருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே அவள் என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று கீழே இருந்தபடி நான் சொல்லிவிடுவேன். மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. கட்டடங்களுக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடிப்பவன். ஆறாவது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சீட்டி அடிப்பான். தரைக்கு வந்து ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டால் மயங்கி விழுவான்.

அவன் முதல் தடவை சுருண்டு விழுந்த அன்று நான்தான் வண்டி பிடித்தேன். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குள் போகிற வலி. முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால்தான் மூச்சு விட முடிந்தது. கணையத்தில் வீக்கம் என்றார்கள். குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று தெரு முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் பித்தப்பையில் கல். அதில் ஒன்று நழுவி, கணையத்துச் சாறு வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டதாம். தம்பி சொட்டுக்கூடக் குடிக்காதவன் என்று அக்கா சத்தியம் செய்தாள். இருக்கலாம்.

வீக்கம் அடங்கியதும் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வரும், வந்தால் பிழைப்பான் என்று சொல்ல முடியாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவன் திரும்பிப் போகவில்லை. முதலில் ஜலதோஷம் என்றான். அப்புறம் முடிக்க வேண்டிய சுவர் ஒன்று பாக்கி இருக்கிறது என்றான். அந்தச் சுவர் முடிவதற்குள் இரண்டாவது தடவை விழுந்தான். இந்த முறை எலும்பும் தோலுமாகத்தான் வீடு வந்தான். வரும் திங்கட்கிழமை கட்டாயம் வந்து படுக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள்.

மத்தியானங்களில் நான் மேலே போய் அவனோடு உட்காருவேன். தையல்காரி கஞ்சியை ஆற்றி, ஆடை எடுத்து, உப்புப் பார்த்துக் கொடுப்பாள். எண்ணெய் ஒரு துளி ஆகாது.

"பெருசு, இன்னைக்கு என்ன வறுத்தீங்க?" என்று கேட்டான் ஒருநாள்.

"முட்டை."

"வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு. நாக்கு செத்துக் கெடக்குறவன் வீட்டுக்குக் கீழே இருந்துக்கிட்டு ஜன்னலைத் தெறந்து வெச்சா வறுப்பாங்க?"

"திங்கட்கிழமை போய் அந்தப் பையை எடுத்துட்டு வா. உனக்கும் வறுத்துத் தரேன்."

"வயித்தைத் தெறப்பாங்களே."

"தெறந்தா மூடவும் செய்வாங்க."

"மாமா ஆபீஸ்ல எலியைத் தெறக்குறாங்களே, ஒண்ணையாவது மூடியிருக்காங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, நான் போறேன்."

அங்கே மூடுகிற பேச்சே இல்லை. சோதனை முடிந்ததும் எலிகளை வலிக்காமல் கொன்று, கணையத்தை எடுத்துப் பார்ப்பார்களாம். தேறினதும் போகும், தேறாததும் போகும். அந்த நாட்களில் எலிக்காரர் வீட்டுக்கு வந்தால் தட்டில் இருக்கிற சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒரு வாய் உள்ளே போகாது.

அந்தச் சமயம் அங்கே நடந்த சோதனையும் கணையத்துக்குத்தான். எங்கே போனாலும் கணையம். ஒரு சாயங்காலம் அவர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அதுங்களை என்னதான்யா பண்றீங்க?"

"ஒரு ஊசி போட்டா அதுங்களுக்கும் நம்ம மாப்ளைக்கு வந்த மாதிரியே வீங்கும் பெரியவரே. வலிக்கு மருந்து குடுத்துடுவாங்க. அப்புறம் புது மருந்தைப் போட்டுப் பாக்குறாங்க."

"என்ன புது மருந்து?"

"புரதம். சோத்தைச் செரிக்க வைக்கிற சாறு குடலுக்குப் போய்த்தான் வேலை செய்யணும். அது கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பிச்சுட்டா கணையம் தன்னைத்தானே தின்ன ஆரம்பிச்சிடுது. இந்தப் புரதம் போய் அந்தச் சாறோட வாயைக் கட்டிடுமாம்."

"முட்டையில இருக்கே, அதுவா?"

"ஜாதி அதேதான். இது தனியாச் செஞ்சது. குளிர்லயே வைக்கணும், குலுக்கக் கூடாது. சூடு பட்டா வெந்த முட்டை வெள்ளை மாதிரி ஆகி வீணாப் போயிடும்."

"இவ்வளவு செல்லம் கொஞ்சுற மருந்து வயித்துக்குள்ள போய் யாரை அடக்கப் போகுது?"

அவர் சிரித்துக்கொண்டார். எலிகளை இரண்டு பிரிவாக வைத்திருக்கிறார்களாம். ஒரு பிரிவுக்குச் சிவப்பு மூடி பாட்டிலிலிருந்து ஊசி, இன்னொன்றுக்குப் பச்சை மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்று ஊசி போடுகிற டாக்டரம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று மறைத்து வைத்திருக்கிறார்களாம். இதைக் கேட்டதும்தான் அந்த இடத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. பரவாயில்லை, தங்களையே நம்பாத ஆட்கள்.

எலிக்காரர் குரலை இன்னும் இறக்கினார். "ஆனா எனக்குத் தெரியும். பச்சை மூடிதான் மருந்து."

"எப்படி?"

"பச்சை மூடிக் கூண்டுல இருந்ததுங்க முடியெல்லாம் சிலிர்த்து, சுருண்டு, கண்ணைத் தெறக்காமக் கெடந்துச்சுங்க. போயிடும்னே நெனச்சேன். ஒவ்வொண்ணா எழுந்து வந்துருச்சு. சிவப்பு மூடி எலிங்க அந்த அளவுக்கு மோசமாவே ஆகலை. அதுங்க நடமாடுறதுல என்ன அதிசயம்? செத்துக் கெடந்ததை எழுப்பினதுதானே மருந்து?"

உள்ளே தையல் மெஷின் நின்றது.

"அப்போ அந்தப் பச்சை மூடி என் தம்பிக்கு ஏன் ஆகாது?" என்று தையல்காரி அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றாள்.

"அது எலிக்கும்மா."

"இவன் மட்டும் யானையா? எலிக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்திருக்குன்னு இப்போ நீங்கதானே சொன்னீங்க?"

"மனுசனுக்குப் போடுறதுக்கு இன்னும் காலம் ஆகும்."

"அதுவரைக்கும் இவன் இருப்பானா?"

எலிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தான். "மாமா, அதைக் குடிக்கலாமா? ஊசி வேண்டாம்."

"குடிச்சா வயிறு அதையும் செரிச்சிடும்டா."

"சரி, ஊசியே போடுங்க. கத்திக்கு ஊசி தேவலை."

அன்றிலிருந்து தையல்காரி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். மெஷின் மட்டும் தடதடவென்று ஓடும். எலிக்காரர் படியிறங்கும்போது பார்த்தால் முகத்தில் ஈயாடாது. சத்தம் போடுகிற பெண்டாட்டியை அவரால் தாங்க முடியும். சும்மா இருக்கிறவளைத் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கதவைத் தட்டினார். கையில் சாப்பாட்டு ஃபிளாஸ்க். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் கட்டைவிரல் அளவு கண்ணாடிப் பாட்டில். பச்சை மூடி. சோதனை முடிந்துவிட்டது, மிச்சமிருந்ததை அழிக்கச் சொல்லி அவர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று அழியாமல் வந்துவிட்டது.

"எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லையே பெரியவரே. ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"தெருமுனை மருந்துக்கடைக்காரர் வந்து போடுறேன்னு ஒத்துக்கிட்டாரு."

 எத்தனை வருடமாக அந்த வேலையில் இருக்கிறார், ஒரு கைப்பிடி மரத்தூள்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. நான் வாங்கி முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் ஃபிரிட்ஜ் பூட்டுப் போட்ட காலத்துச் சாமான். பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை தையல்காரி இறங்கி வந்தாள். தலை சீவிப் புதுப் புடவை கட்டியிருந்தாள், ஏதோ விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி.

"பெரியப்பா, அந்தப் பாட்டிலைக் குடுங்க."

"தர மாட்டேன்."

"விளையாடாதீங்க. கடைக்காரர் வந்துட்டே இருக்காரு."

"வரட்டும். டீ குடிச்சுட்டுப் போகட்டும். உன் வீட்டுக்காரர் சொல்ற டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேலை போயிடும்."

"கேக்காமப் போட்டா உன் தம்பி போயிடுவான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறானா?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஊசி போட்டுட்டா நாளைக்குப் போக வேண்டாம்னு சொல்றான். நான் என்ன பண்ணட்டும்? கரடியாக் கத்தியாச்சு. ஊசிக்காவது ஒத்துக்கிட்டானேன்னு இருக்கு."

எனக்குப் பயம் இதுதான். மருந்து வேலை செய்யாமல் போவது ஒரு பக்கம். அந்தச் சின்னப் பாட்டிலைச் சாக்கு வைத்து இவன் கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு மறுபடி கயிற்றில் ஏறிவிடுவான். அப்புறம் மூன்றாவது தடவை.

"நான் மேலே வந்து அவன்கிட்டயே பேசுறேன்" என்று சொல்லி, சாவியைப் பையிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே படியேறினேன்.

மேலே போய் உட்காரக்கூட இல்லை, வாசலில் செருப்புச் சத்தம். மருந்துக்கடைக்காரன் என்று நினைத்தால், ஒரு பெண்பிள்ளை. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தூங்காத முகம்.

"அண்ணா இருக்காங்களா? பாப்பா கவுன் தைக்கக் குடுத்திருந்தேன்."

எலிக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "வாங்க டாக்டரம்மா" என்றார். அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

தையல்காரி கவுனை எடுத்து வந்தாள். மஞ்சள் துணி, அதில் சின்னச் சின்ன நீலக் குடைகள். டாக்டரம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரித்துப் பார்க்கவில்லை.

"நேத்து எது எதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க அண்ணா" என்றாள். "ரெண்டு பிரிவும் ஒரே மாதிரி. உப்புத் தண்ணி போட்ட எலியும் மருந்து போட்ட எலி அளவுக்குத் தேறியிருக்கு. இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்லை. மருந்துல ஒண்ணுமில்லை, மூடிடுங்கன்னு சொல்லிடுவாங்க போல. வருசக்கணக்கா பண்ணின வேலை."

 அவள் பார்வை மெஷினுக்குக் கீழே இருந்த வெட்டுத்துணிக் கூடையில் போய் நின்றது. குனிந்து, மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்தாள்.

"இந்தக் குடைத் துணி ஒண்ணு கூண்டுக்குள்ள கெடந்துச்சே. வீட்டுலேர்ந்து என் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னு நெனச்சு எடுத்துப் போட்டேன்."

எலிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "குளிருமேன்னுதான்."

"எதுங்களுக்கு?"

"ரொம்ப முடியாமக் கெடந்ததுங்களுக்கு. துணியைக் கொதிக்க வெச்சு, காயவெச்சுத்தான் கொண்டு வந்தேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். நின்னு எட்டித் தீனி திங்க முடியலை அதுங்களால. வில்லையை ஊறவெச்சுக் கொழைச்சுத் தரையிலயே வெச்சேன். பக்கத்துல ஒரு வெந்நீர்ப் பாட்டில்."

"எந்தக் கூண்டு அண்ணா?"

"பச்சை மூடி."

"சிவப்பு மூடிக்கு?"

"அதுங்க எழுந்து தின்னுச்சுங்களே, அதுங்களுக்கு எதுக்கு?"

டாக்டரம்மா அந்தத் துண்டுத் துணியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சோறு போடுறதை எல்லாம் சொல்லணுமா டாக்டரம்மா? அது என் வேலைதானே."

"பச்சை மூடிதான் உப்புத் தண்ணி" என்றாள் அவள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மருந்தில்லாமல் வெறும் உப்புத் தண்ணீரோடு சுருண்டு கிடந்தவற்றை இந்த மனிதர் சோறூட்டி, போர்த்தி, எழுப்பி நடக்க விட்டிருக்கிறார். தன் கை செய்ததை மருந்து செய்தது என்று தானே நம்பி, அந்தப் பாட்டிலையே மச்சினனுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இத்தனை வருடம் லாரி ஓட்டியதில் எத்தனையோ மடையர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மடையரைப் பார்த்ததில்லை.

"அப்போ என் முட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறது உப்புத் தண்ணியா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அதற்கப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. தையல்காரியே எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. கட்டிலில் கிடந்த பெயிண்டரிடம் போய் உட்கார்ந்தாள்.

"அது மருந்தாவே இருந்தாலும் உங்களுக்கு உதவாது தம்பி. மனுசங்களுக்கு எவ்வளவு போடணும்னே இன்னும் யாருக்கும் தெரியாது. வீக்கத்தை அடக்குமான்னுதான் பாக்குறோம். உள்ளே இருக்கிற கல்லை அது எடுக்காது. கல் இருக்கிற வரைக்கும் வீங்கிட்டேதான் இருக்கும்."

"எலிங்களை எல்லாம் நீங்கதான் தெறப்பீங்களா?"

"ஆமா. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அதுக்காகத் தெறக்குறேன். உங்களைத் தெறக்குறவங்க நீங்க எழுந்து நடக்கணும்னு தெறப்பாங்க."

படித்தவர்கள் அழகாகத்தான் பேசுவார்கள். பெயிண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் எலிக்காரர் பேசினார். அந்த வீட்டில் அவர் குரலை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

"நாளைக்கு நான் லீவு போடுறேன்டா. உள்ளே கூட்டிட்டுப் போற வரைக்கும் கூட இருப்பேன். வெளியே கொண்டாந்ததும் பக்கத்துல இருப்பேன். நீ எழுந்து நடக்குற வரைக்கும் நகர மாட்டேன்."

 பெயிண்டர் சுவரைப் பார்த்தபடியே சொன்னான், "போர்வை மட்டும் குடை போட்டது வேண்டாம் மாமா. கூட இருக்கிறவனுங்க சிரிப்பானுங்க."

தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நான் கீழே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். வழியில் எதிர்ப்பட்ட மருந்துக்கடைக்காரனை, உன் டீயைக் கடையிலேயே குடித்துக்கொள் என்று திருப்பி அனுப்பினேன்.

"நடந்ததை நம்ம பெரிய டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணா. நான் சொன்னா வேற மாதிரி ஆகும்" என்றாள் அவள் போகும்போது. கவுனை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பையை எடுத்தார்கள். உள்ளே மிளகு மிளகாகக் கற்கள். எலிக்காரர் சொன்னபடி நகரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை உயர்த்திப் பிடிக்காமல் அவன் வாய்க்குக் கீழேயே பிடித்து, குனிந்து ஊட்டியதை நான் பார்த்தேன். எட்டித் தின்ன முடியாதவனுக்கு எப்படி ஊட்டுவது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு வேலைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் தானே சொன்னார். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டார். மருந்து அறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள், எலிகளை விட்டுவைத்தார்கள். இனிமேல் ஊறவைத்த தீனியும் வெள்ளைத் துணியும் எல்லாக் கூண்டுக்கும் ஒரே மாதிரி, ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு நூல்கூட வைக்கக் கூடாது என்று உத்தரவாம். சிவப்பு மூடி எலிகளுக்கும் சேவை செய்ய வேண்டியிருக்கிறதே என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் முகம் தெளிந்திருந்தது. மாடியில் மெஷின் சீராக ஓடியது.

மழை முடிந்து வெயில் ஏறிய ஒருநாள், பெயிண்டர் என் ஜன்னல் கம்பிகளுக்கு நீல பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். உயரத்தில் ஏற இன்னும் அக்கா விடவில்லை. பக்கத்தில் தட்டில் வறுத்த முட்டை, நான் வாக்குக் கொடுத்தது. டாக்டரம்மா வந்தாள். பாப்பா வளர்ந்துவிட்டது, கவுனைப் பிரித்து விட வேண்டுமாம். இப்போது நன்றாகத் தூங்கிய முகம்.

"பெரியவரே, மறுபடி பண்ணிப் பாத்தோம். எல்லாத்துக்கும் ஒரே சாப்பாடு, ஒரே துணி. மருந்து போட்டதுங்க நல்லா முந்திக்கிச்சு. நீங்க எங்க மருந்தை நம்பலைன்னு அண்ணா சொன்னாரு, இப்பவாவது நம்புறீங்களா?"

"எல்லாத்துக்கும் கஞ்சி ஊத்திப் போர்த்தி வெச்சுட்டு, மருந்து பொழைக்க வெச்சுதுன்னா எப்படிம்மா நம்புறது?"

"முதல் தடவை சிவப்பு மூடி எலிக்குக் கஞ்சியும் இல்லை, துணியும் இல்லை. மருந்து மட்டும்தான். அதுங்க சுருண்டு படுக்கவே இல்லையே."

நான் யோசித்துப் பார்த்தேன். பெயிண்டர் தூரிகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தான்.

"என்ன பெருசு, வண்டி நின்னு போச்சா?"

பதில் இல்லை என்பதற்காக நம்பிவிட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த எலிகளுக்கும் எலிக்காரர் தினமும் மரத்தூள் மாற்றியிருக்கிறார், பாட்டில் மூக்கைத் தட்டித் தண்ணீர் பார்த்திருக்கிறார், மெதுவாகப் பேசியிருக்கிறார். அதை எந்தப் பாட்டிலில் அடைத்துக் கழித்துப் பார்ப்பார்களோ, தெரியவில்லை. அதையெல்லாம் அவளிடம் சொல்லி விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

"மூலையில விட்டுட்டே பாரு, அதைச் சரியா அடி" என்று அவனிடம் சொல்லிவிட்டு, முட்டை வாங்கக் கடைப்பக்கம் நடந்தேன்.